உயிரோடு இருப்பதற்கு ஒரு ரிங்

புதன்கிழமை, காலை ஒன்பது மணி
பட்டறை மேசையிலிருந்து

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரியும், பதினொரு வருடங்களாக என்மேல் கொண்ட கோபம் ஒரு இம்மியும் குறையாதவளுமாகிய அக்கா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் உடன்பிறந்த ஒரே தம்பி உயிரோடும் முழு நினைவோடும் இருந்துகொண்டு தன் கைப்பட எழுதும் மடல். இங்கு நான் சுகம். அங்குத் தாங்களும், அத்தானும், அத்தான் வாயில் இருக்கும் மேல் பல்செட்டும் கீழ்ப் பல்செட்டும் சுகமாக இருக்க விரும்புகிறேன்.

நிற்க. நிற்க என்று எழுதியது கடித மரியாதைக்காக, நீ நிற்க வேண்டாம், முட்டிவலிக்காரி, முதலில் உட்கார். உட்கார்ந்தாயா? அக்கா, நான் சாகவில்லை! இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். சமூகம், சுகம் என்று நான் நீட்டி முழக்கி முடிப்பதற்குள் உனக்கு நெஞ்சை அடைத்திருக்கும், மன்னித்துக்கொள். திங்கள், செவ்வாய், இன்று புதன், ஆக மூன்று நாளாகக் காலை ஆறரைக்கு என் ரிங் வரவில்லை என்றதும் நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான், மண்டை உடைந்துவிட்டது, கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, கூப்பிட்டால் கேட்க ஆளில்லை என்று மனசுக்குள் படம் படமாக ஓட்டியிருப்பாய். நான் பள்ளிக்கூடத்திலிருந்து கால்மணி தாமதமாக வந்தாலே தெருவில் போகிற லாரிக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தவள் நீ. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது என் சிம்முக்கு. சிம்மை நிறுத்திவிட்டார்கள்!

பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் எப்படிக் கடிதம் எழுதலாம் என்று நீ கேட்பாய். சத்தியம் வாய்க்குத்தான், பேனாவுக்கு இல்லை. பழையதைக் கிளற நான் வரவில்லை, ஆனாலும் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். உன் மகள் கல்யாணத்தில் அத்தான் அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்து "வந்திருக்கும் சொந்தபந்தங்களே" என்று ஆரம்பித்து, சொந்தம் வரைக்கும் சொல்லாக வந்து, பந்தம் பல்லாக வந்து, நான் செய்துகொடுத்த மேல்செட்டு பறந்துபோய்ச் சம்பந்தியின் மடியில் உட்கார்ந்ததே, அது என் செட்டின் குற்றமே இல்லை. என் கையால் அச்செடுத்து, மெழுகில் நிறுத்தி, மூன்று தடவை வாயில் வைத்துப் பார்த்து முடித்த செட்டு அது. பளபளப்பாக இருக்கட்டும் என்று முந்தின நாள் அதைக் கொதிக்கிற தண்ணீரில் யாரோ ஊறப்போட்டிருக்கிறார்கள். சூட்டில் அது நெளிந்துவிட்டது. அந்த 'யாரோ' யார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். நீயோ மண்டபத்துச் சமையல்கட்டில் வைத்து, "இனிமே செத்தாலும் உன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்டா"ன்னு சத்தியம் பண்ணினாய். நானும் ரோஷக்காரன், "நானும் பேசமாட்டேன், உன் வாசப்படியையும் மிதிக்கமாட்டேன்"னு சொல்லிவிட்டு, கை கழுவிய ஈரம் காயாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அத்தான்தான் செட்டைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நான் அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பல்லில்லாத வாயோடு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நீ ஒண்டிக்கட்டை. உனக்கு ஒண்ணு ஆனா யாருக்குத் தெரியும்? அவ அதையே சொல்லி அழறா. நீங்க பேசவே வேண்டாம்ப்பா. காலைல ஒரே ஒரு ரிங் குடுத்துட்டு வச்சிடு. உயிரோட இருக்கேன்னு அர்த்தம். அவ திருப்பி ஒரு ரிங் குடுப்பா. சரி, இருந்து தொலைன்னு அர்த்தம்." அன்றையிலிருந்து, அக்கா, ஒரு நாள் தவறியதுண்டா? காய்ச்சலில் கண் திறக்க முடியாத நாளிலும் விரல் திறந்து அடித்திருக்கிறேன். உன் ரிங் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும். இதை நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஆறரைக்கு வழக்கம்போல ரெண்டாம் நம்பர் பொத்தானை நீளமாக அழுத்தினேன். ரெண்டை அழுத்தினால் நீ, மூன்றை அழுத்தினால் பல் அச்செடுக்கிற அச்சுமாவு விற்கும் கடைக்காரர், அவ்வளவுதான் என் உலகம். உன் ரிங் போகாமல் ஒரு பொம்பளைக் குரல், "உங்கள் சேவை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்றது. "ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். மறுபடி அதையே சொன்னாள். "அம்மா, எங்க அக்கா காத்துக்கிட்டு இருப்பா, ஒரே ஒரு ரிங் போய்ட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினேன். அதே பேச்சு, அதே ராகம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மனுஷன் கேக்கறதுக்குப் பதில் சொல்லத் தெரியாதா? உங்க மேலதிகாரியக் கூப்பிடு!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் பல்துலக்கும் பிரஷோடு எட்டிப் பார்த்து, "ஐயா, அது ரெக்கார்டிங்" என்றார். அவருக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

தெருமுனையில் செல்கடைக்காரர் இருக்கிறார், கழுத்தில் நாலு சார்ஜரை மாலையாகப் போட்டுக்கொண்டு. அவர் சிம்மைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார், வாயால் ஊதினார், தன் சட்டையில் துடைத்தார். பிறகு, "ஒரு ரீசெட் போட்டா எல்லாம் போய்டும்ணே" என்றார். கோளாறெல்லாம் போய்விடும் என்கிறார் என்று நினைத்து, "போடுங்க தம்பி, தாராளமா போடுங்க" என்றேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். போனில் இருந்த பழைய அழைப்பெல்லாம் போய்விட்டது, கோளாறு மட்டும் போகவில்லை.

அப்புறம் அவர் போனிலிருந்தே கம்பெனிக்கு அடித்தோம். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, நட்சத்திரத்தை அழுத்து என்று அரைமணி நேரம் அழுத்திய பிறகு நிஜமாகவே உயிருள்ள ஒரு பெண் வந்தாள். முந்தின அனுபவத்தால் நான் முதலில், "அம்மா, நீங்க ஆளா, ரெக்கார்டிங்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவள், "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கோம் சார், அதைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "அந்த நம்பர்தானேம்மா வேலை செய்யல?" "ஆமா சார், அதைச் சரிபண்ணத்தான் ஓடிபி." "அது எங்கே வரும்?" "அந்த நம்பருக்குத்தான் சார்." சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கதவைத் திறந்து சாவியை எடுத்துக்கொள் என்கிற கதை! நான் அதை விளக்கமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டாள். முதல் உதவியையே இன்னும் செய்யவில்லையே என்று நான் சொல்வதற்குள் அவளே வைத்துவிட்டாள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பட்டறையைப் பூட்டிவிட்டுக் கம்பெனி ஆபீசுக்கே போய்விட்டேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். டோக்கன் எழுபத்தி நாலு, சுவரில் ஓடுவது முப்பத்தி ஒன்று. உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் நான் நினைத்ததெல்லாம் உன்னைத்தான். நீ திருப்பி அடித்துப் பார்த்திருப்பாய், உனக்கும் அந்த ரெக்கார்டிங்காரி அதே பாட்டைப் பாடியிருப்பாள், நீ அவளிடம் என் தம்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாய். அதை நினைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்து நாற்காலிக்காரர் குளிருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். கவுன்டர் பெண் ஒரு குட்டி மெஷினை நீட்டிக் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். மெஷின் கீச்சென்று கத்தியது. அந்தக் கை, இந்தக் கை, துடைத்துவிட்டு, ஈரம் செய்துவிட்டு, எல்லா வழியிலும் கத்தியது. "சார், உங்க விரல்ல ரேகையே இல்லையே!" என்றாள். முப்பது வருஷமாகப் பல்செட்டுக்கு மெருகு போட்டுப் போட்டு விரலும் மெருகேறிவிட்டது, அதற்கு நான் என்ன செய்வேன்? "வேலை செஞ்ச கைம்மா, தேஞ்சுபோச்சு" என்றேன். சரி, அப்படியானால் கேள்வி கேட்டுச் சரிபார்க்கிறேன் என்றாள். "நீங்க அதிகமா கூப்பிடற நம்பர் எது சார்?" "ரெண்டு." "சரி, ரெண்டையும் சொல்லுங்க." "ரெண்டும் இல்லம்மா, ரெண்டு." "அதான் சார், அந்த ரெண்டு நம்பரும் என்ன?" "ரெண்டு நம்பர் இல்லம்மா, ரெண்டாம் நம்பர்!" எனக்குப் பின்னால் நின்ற எழுபத்தி அஞ்சு தலையில் கையை வைத்துக்கொண்டார். அக்கா, உன் நம்பரை நான் ஒரு நாளும் படித்ததில்லை. உன் மகள்தான் கல்யாணத்துக்கு முன்னாலேயே சிம்மில் பதிந்து ரெண்டில் வைத்துக் கொடுத்தாள், நான் அழுத்துவேன், நீ அடிப்பாய், அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? "கடைசியா எவ்வளவு நேரம் பேசினீங்க?" என்று கேட்டாள். "பேசவே இல்லை." "அதுக்கு முன்னால?" "பேசவே இல்லம்மா. பதினொரு வருஷமா பேசவே இல்லை." அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் நம்பர் இருக்கும் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "பாருங்க, ஒரே நம்பருக்கு நாலாயிரத்துச் சொச்சம் அழைப்பு. ஒண்ணுகூட ஒரு செகண்ட் நிக்கலை. மனுஷன் இப்படிப் பண்ணமாட்டான். போதாக்குறைக்குப் புகார் வேற வந்திருக்கு, தொல்லை அழைப்புன்னு." எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யாரு சார் புகார் குடுத்தது?" "அதைச் சொல்லக்கூடாது. நீங்க எந்த நம்பருக்கு அடிக்கிறீங்க, அது யாரு நம்பரு, நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார். நான் யோசித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான் அடிப்பதே உனக்குத்தான், உனக்கும் எனக்கும் நடுவில் புகுந்து புகார் கொடுக்க யாருக்கு வயிற்றெரிச்சல்? அச்சுமாவு கடைக்காரரா? ஒரு ரிங் கொடுத்தால் ஒரு மூட்டை என்று அவருக்கும் கணக்கு உண்டு, ஆனால் அவர் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். மாடி வீட்டுக்காரராகத்தான் இருக்கும். அவர் சிரித்த சிரிப்பு அப்படி.

எவராக இருந்தாலும் சரி, என் வயிறு எரிந்து சொல்கிறேன், அந்தப் புகார் கொடுத்த வாயில் இருக்கிற முப்பத்திரண்டு பல்லும் ஒவ்வொன்றாக உதிரட்டும்! உதிர்ந்து, பொக்கை வாயோடு என் பட்டறை வாசலில் வந்து நிற்கட்டும்! காலில் விழுந்து கெஞ்சினாலும் நான் அச்செடுக்க மாட்டேன்!

மேனேஜரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணம், சம்பந்தி மடி, சத்தியம், ரிங், இருந்து தொலை, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே "சரி ஸார், புரியுது ஸார்" என்றபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு 'ஸா'வுக்கும் ஒரு விசில் வருகிறது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "தப்பா நினைக்காதீங்க, உங்க மேல்செட்டு வலதுபக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, சாப்பிடும்போது ஈறுல குத்துமே?" என்றேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷமா குத்துது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கழற்றிக் கொடுத்தார். பையில் எப்போதும் ஒரு சின்ன அரம் வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். பத்து நிமிஷம் அங்கே இங்கே தேய்த்து வாயில் வைத்தேன். அவர் "ஸ, ஸா, ஸி" என்று சொல்லிப் பார்த்தார், விசில் இல்லை. "சொந்தச் சகோதரி சாஸ்திரத்துக்குச் சத்தியம் செய்தாள்" என்று நானே ஒரு வாக்கியம் கொடுத்துச் சொல்லச் சொன்னேன், பிசிறில்லாமல் சொன்னார். வெளியே வந்து, "இவருக்கு உடனே புதுச் சிம் போட்டுக் குடும்மா, அதே நம்பர்ல" என்று உத்தரவு போட்டுவிட்டார். ரேகை தேய்ந்த விரல்தான், அக்கா, அது என்னை நான்தான் என்று காட்டிக்கொடுத்தது.

அந்தச் சந்தோஷத்தில் கோட்டை விட்டேன். கவுன்டர் பெண், "பழைய சிம்மக் குடுங்க சார்" என்றாள், கொடுத்தேன். கத்தரிக்கோலை எடுத்தாள், டக்கென்று ரெண்டாக வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். நீ அதற்குள்ளேதானே இருந்தாய்! "ஐயையோ, எங்க அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசல் காவல்காரர் ஓடிவந்துவிட்டார். போனில் இருந்த நம்பரைச் செல்கடைக்காரர் துடைத்தார், சிம்மில் இருந்த நம்பரை இவள் வெட்டினாள், மேனேஜருடைய கம்ப்யூட்டரில் இருக்கும் நம்பரை விதிப்படி சொல்லக்கூடாதாம். புதுச் சிம் உயிர்பெற இருபத்திநாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். உயிர்பெற்றாலும் நான் எந்தப் பொத்தானை அழுத்துவேன்? ரெண்டை அழுத்தினால் ரெண்டுதான் வரும், நீ வரமாட்டாய்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நேற்றே பஸ் ஏறியிருப்பேன். உன் விலாசம் மட்டும் மனசில் அழியாமல் இருக்கிறது. இது கைக்குக் கிடைத்ததும் தயவுசெய்து நீ முதலில் ஒரு ரிங் கொடு. நம்பர் என் போனில் விழும், அதைக் காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டி, மனப்பாடமும் செய்துகொள்கிறேன். அதுவரைக்கும் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு இந்தக் கையெழுத்தே சாட்சி.

அத்தானுக்கு என் வணக்கம், செட்டை வெறும் பச்சைத் தண்ணீரில் மட்டும் ஊறப்போடச் சொல்லவும். உன் மகளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பல் நிறைந்த நீண்ட ஆயுள் கிடைக்க மாமனின் ஆசிகள். உன் பாதம் தொட்டு வணங்குகிறேன், பேச்சு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
இன்னும் இருந்து தொலைக்கும்
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை எச்சில் தொட்டு ஒட்டப் போகும்போது வாசலில் வாடகைக் கார் நின்றது. அக்கா, நீயும் அத்தானும்! நீ படியேறி வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாய், பேசவில்லை. அத்தான்தான், "உங்க அக்கா கேக்கச் சொல்றா, நீ உயிரோடதான் இருக்கியான்னு" என்றார். நான், "இருக்கேன்னு சொல்லுங்க அத்தான்" என்றேன். அவர் உன்னிடம் திரும்பி, "இருக்கானாம்" என்றார். நீ முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு என் வேலை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தபால்தலை ஒட்டிய இந்தக் கடிதத்தையே உன் கையில் கொடுத்தேன். சாபம் வருகிற இடத்தில் நீ ஏன் அப்படிச் சிரித்தாய் என்று எனக்குப் புரியவில்லை. இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனாவைப் பிடுங்குகிறாய். இனி அக்காவின் எழுத்து.

டேய், புகார் குடுத்தது நான்தான். போன வாரம் கம்பெனிக்கு அடிச்சு, "ஒருத்தன் பதினொரு வருஷமா தினம் காலைல ஒரு ரிங் அடிச்சுட்டு வச்சிடறான், அவனை ஒரு தடவையாவது பேசச் சொல்லுங்கம்மா"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, "கவலைப்படாதீங்க, இனிமே வராது"ன்னா. சரி, இனிமே வெறும் ரிங் வராது, பேச்சு வரும்னு நினைச்சுட்டேன். திங்கக்கிழமையிலேருந்து ரிங்கே வராதப்ப என் உயிர் என்கிட்ட இல்லை.

செட்ட வெந்நீர்ல போட்டதும் நான்தான். அன்னைக்கே தெரியும். ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு.

உன் சாபத்துக்கு முன்னாலயே எனக்கு நாலு பல் போயிடுச்சு. வேற எவன்கிட்டயும் வாயைக் காட்டலை. அச்சு நீதான் எடுக்கணும், கால்ல எல்லாம் விழமாட்டேன்.

உன் மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டேன்னுதான்டா சத்தியம் பண்ணேன். போன்ல எங்கடா மூஞ்சி இருக்கு? ஒவ்வொரு நாளும் இன்னைக்காவது எடுத்துடணும்னு இந்த முட்டியத் தூக்கிக்கிட்டு ஓடி வருவேன். நான் வர்றதுக்குள்ள நீ வச்சிடுவே. திருப்பி அடிக்கறப்ப ஒரு ரிங்குக்கு மேல அடிக்க என் ரோஷம் விடலை.

என் நம்பரை இந்த உறைமேல எழுதியிருக்கேன். புதுச் சிம் வேலை செஞ்சதும் அடி. ஒரு ரிங்ல வச்சிடாதே. நான் எடுக்கிற வரைக்கும் அடி.